கணினி ஏன் காத்திருக்கிறது?

நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பது மிகவும் சிறிய காரியம் என்று தோன்றும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதிலுள்ள சிரமம் தெரியும். ஒருவர் இருக்கிற நாளில் மற்றொருவர் வெளியூர் போய்விடுவார். அவர் திரும்பி வருகிற நாளில் மூன்றாமவர் விடுப்பில் இருப்பார். மூவரும் இருக்கிற நாளில் கூட்ட அறையை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் இதற்கென்று ஒரு பணியாளர் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அறை அறையாக ஏறி இறங்குவார். பிறகு தொலைபேசி வந்தது. கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. இன்று அந்த வேலையை மின்னஞ்சலோடு சேர்ந்த நாட்காட்டி செய்து வருகிறது.

கூட்டத்துக்கு வரவேண்டியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீண்ட பட்டை ஒன்று தோன்றும். அவருக்கு வேலை இருக்கிற நேரத்தில் பட்டையில் வண்ணம் இருக்கும். ஓய்வாக இருக்கிற நேரம் வெண்மையாகத் தெரியும். வழக்கமான ஏற்பாட்டில், வேலை இருக்கிறது என்பது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். என்ன வேலை என்பது தெரியாது. மரியாதையான ஏற்பாடு அல்லவா? இவற்றோடு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. பட்டையின் மேல் சாய்ந்த கோடுகள் தெரிந்தால், 'இவரைப் பற்றி இன்னும் தகவல் வரவில்லை' என்று பொருள். வெண்மைக்கும் சாய்ந்த கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற கதை அதில்தான் இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். 2018ஆம் ஆண்டில் ஒரு நாள், மேலதிகாரியின் கூட்டங்களையெல்லாம் ஏற்பாடு செய்கிற அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார்.

"சார், பெயரைப் போட்டால் பட்டை வர வெகு நேரம் ஆகிறது. அஞ்சல் உடனே போகிறது, உடனே வருகிறது. இது மட்டும் இப்படி இருக்கிறது" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "உங்கள் கணினி பழையது, அம்மா. புதியது வரும்போது சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதையும் பார்க்காமல், எதையும் அளக்காமல் சொன்ன விடை அது. அவர் மறு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். இந்த முறை கையில் சிறிய குறிப்பேடு ஒன்று இருந்தது. முகத்திலும் வாட்டம் தெரிந்தது. நடந்தது இதுதான். மேலதிகாரி மேசையருகில் நின்றுகொண்டு, "இன்னும் நேரம் குறிக்கவில்லையா?" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். எல்லோருடைய பட்டையும் வருவதற்குள், வந்தவற்றை மட்டும் பார்த்து இவர் ஒரு நேரத்தைக் குறித்து அனுப்பிவிட்டார். ஓர் அதிகாரியின் பட்டையில் அப்போது சாய்ந்த கோடுகளே இருந்தன. அந்த நேரத்தில் தம் தாயாரைக் கண் அறுவைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று அவர் நாட்காட்டியில் முன்பே குறித்து வைத்திருந்தார். மேலதிகாரியின் பெயரில் அழைப்பு வந்துவிட்டதால் ஒன்றும் சொல்லாமல் தாயாரை அண்டை வீட்டாருடன் அனுப்பிவிட்டு, தாம் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இது பிறகுதான் இந்த அம்மையாருக்குத் தெரிந்தது.

"நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்க வேண்டும், சார்" என்றார் அவர். குற்றம் தம்முடையது என்றே எண்ணியிருந்தார். அப்போதுதான் நான் குறிப்பேட்டைக் கையில் வாங்கினேன்.

அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், இந்த நாட்காட்டி எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இருந்தது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் சர்வர். மேசைகளில் இருந்தது அவுட்லுக். உலகெங்கும் மிகப் பல அலுவலகங்களில் வழங்கும் ஏற்பாடு இது.

எக்ஸ்சேஞ்சின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் இந்தக் காரியம் அறிவிப்புப் பலகை முறையில் நடந்தது. ஒவ்வொருவருடைய அவுட்லுக்கும் தன் சொந்தக்காரரின் வேலை நேரங்களைத் தொகுத்துப் பொதுக் கோப்புறை ஒன்றில் ஒட்டி வைத்துவிடும். வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒட்டும். இரண்டு மாதத்துக்கான விவரம் இருக்கும். கேட்பவர் அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பலகையைப் பார்ப்பதற்கு நேரம் ஆவதில்லை. ஆனால் பலகையில் இருப்பது பழைய செய்தியாக இருக்கலாம். அவுட்லுக்கை மூடிவிட்டு ஒருவர் ஊருக்குப் போய்விட்டால், பலகையில் கடைசியாக ஒட்டியது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பில் முறை மாறிற்று. பலகையை நம்பாமல், கேட்கிற அந்த நொடியிலேயே ஒவ்வொருவருடைய நாட்காட்டியையும் நேரே பார்த்துச் சொல்ல ஒரு தனிச் சேவை ஏற்பட்டது. ஒரே கேள்வியில் 100 பேர் வரை கேட்கலாம். கிடைப்பது புத்தம் புதிய செய்தி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து போய்க் கேட்டு வர வேண்டும். புதுமைக்குக் கொடுக்கிற விலை அந்த நடை.

அப்படிக் கொண்டுவருகிற சுமையும் பெரிதன்று. ஒரு நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் என்று எழுதித் தர இந்தச் சேவைக்குத் தெரியும். ஓய்வு என்றால் 0. உறுதியாகாத வேலை என்றால் 1. வேலை என்றால் 2. வெளியே போயிருக்கிறார் என்றால் 3. ஆகவே ஒருவருடைய ஒரு முழு நாளும் 48 இலக்கங்களில் அடங்கிவிடும். ஒரு சாதாரண மின்னஞ்சலோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி அரிசி. அஞ்சல் மூட்டை மூட்டையாக உடனே வருகிறது. இந்தக் கைப்பிடி அரிசி மட்டும் ஏன் தாமதமாக வருகிறது? சுமையின் கனத்தால் அன்று என்பது தெளிவு. அப்படியானால் தாமதம் வழியில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

அந்த வழியில் சில படிகள் உண்டு. முதலில் அவுட்லுக், 'நாட்காட்டிச் சேவை எங்கே இருக்கிறது?' என்று கேட்டு அதன் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஆட்டோடிஸ்கவர் என்று பெயர். பிறகு அந்தப் பெயருக்கு உரிய முகவரி எண்ணை டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். பிறகு அந்த எண்ணுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். கதவு திறந்ததும், சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று அதன் சான்றிதழைப் பார்க்க வேண்டும். தான் இன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் 'இவருக்கு எப்போது ஓய்வு?' என்ற கேள்வி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும்.

இனிக் குறிப்பேட்டுக்கு வருவோம். அந்த அம்மையார் ஒவ்வொரு முறை கேட்டபோதும் மணி என்ன, யார் பெயரைக் கேட்டார், எத்தனை விநாடி காத்திருந்தார் என்று மூன்று பத்தி போட்டு எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியைப் படித்துக்கொண்டே போனேன். 21, 22, 1, 21, 2, 21. கீழே போகப் போக இதே எண்கள்தாம். எட்டும் இல்லை; பதினைந்தும் இல்லை; முப்பதும் இல்லை. ஒன்று உடனே வருகிறது. இல்லையென்றால் 21 விநாடியில் வருகிறது.

வேலை மிகுந்ததால் ஏற்படும் தாமதம் இப்படி இருக்காது. சர்வருக்கு மூச்சு முட்டுகிறது என்றால் ஒரு முறை 5 விநாடி ஆகும். மறுமுறை 12 ஆகும். காலையில் கூடும், மாலையில் குறையும். நூறு பேரைக் கேட்டால் அதிகமாகும், ஒருவரைக் கேட்டால் குறைவாகும். இவருடைய குறிப்பிலோ ஒருவரைக் கேட்டாலும் 21, எட்டுப் பேரைக் கேட்டாலும் 21. மாறாத தாமதம் என்றால், யாரோ வேலை செய்துகொண்டிருக்கவில்லை. யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

21 என்ற எண்ணும் எனக்குப் புதியதன்று. அப்போது எங்கள் மேசைகளில் இருந்தவை விண்டோஸ் 7 கணினிகள். அந்தக் கணினி ஒரு முகவரியில் போய்க் கதவைத் தட்டும். பதில் இல்லையென்றால் 3 விநாடி காத்திருந்து மறுபடியும் தட்டும். பிறகு 6 விநாடி காத்திருந்து மூன்றாம் முறை தட்டும். பிறகு 12 விநாடி பார்த்துவிட்டு, 'இங்கே யாரும் இல்லை' என்று திரும்பும். மூன்றும் ஆறும் பன்னிரண்டும் சேர்ந்தால் 21. ஆகவே அந்த அம்மையாரின் கணினி ஆளில்லாத வீடு ஒன்றின் கதவை ஒவ்வொரு நாளும் தட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீடு எது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க நான் சில சோதனைகள் செய்தேன். நேயர்களில் யாருக்கேனும் இத்தகைய பொறுப்பு இருந்தால், அவர்களுக்கும் இந்த வரிசை பயன்படக்கூடும்.

முதலில், வேறொரு மேசையிலிருந்து கேட்டுப் பார்த்தேன். அங்கும் அதே தாமதம். 'பழைய கணினி' என்று நான் சொன்ன காரணம் அந்த நிமிடமே பொய்யாயிற்று. இரண்டாவதாக, உலாவி வழியாக அஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து அதே பெயர்களைக் கேட்டேன். உலாவியில் கேட்டால் சர்வரே போய் விவரத்தைப் பார்த்துவிடும். மேசைக் கணினி அந்தச் சேவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதில் உடனே வந்தது. ஆகவே சர்வருக்கு உள்ளே குறையில்லை. மேசைக்கும் சர்வருக்கும் நடுவில்தான் குறை. உலாவியிலும் தாமதம் இருந்திருந்தால், சர்வரையும் அதற்கு அப்பாலும் தேடியிருக்க வேண்டும். மூன்றாவதாக, 'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலை அவுட்லுக்கில் அமைத்துப் பார்த்தேன். அதற்கும் இதே தாமதம். தானியங்கிப் பதிலும் இந்த விவரமும் ஒரே வாசல் வழியாக வருகிறவை. ஆகவே நோய் நாட்காட்டிக்கு இல்லை, வாசலுக்குத்தான்.

நான்காவதாக, அந்த வாசலின் பெயரைப் பார்த்தேன். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, திரையின் கீழ் மூலையில் இருக்கும் அவுட்லுக் சின்னத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானால் தட்டினால், தானே அமைத்துக்கொள்ளும் முறையைச் சோதிக்கும் பகுதி ஒன்று வரும். அவுட்லுக் எந்தப் பெயரைத் தேடிப் போகிறது என்பதை அது எழுத்தில் காட்டிவிடும். பெயர் சரியாகத்தான் இருந்தது. கடைசியாக, அந்தப் பெயருக்கு என்ன முகவரி எண் என்று பெயர்ப் பதிவேட்டைக் கேட்டேன். இதற்கு என்எஸ்லுக்கப் என்று ஒரு சிறு கட்டளை உண்டு. ஒரு பெயருக்கு இரண்டு எண்கள் விடையாக வந்தன.

அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்களிடம் முன்பு இரண்டு அஞ்சல் சர்வர்கள் இருந்தன. பாரம் இரண்டிலும் சமமாக விழட்டும் என்று ஒரே பெயருக்கு இரண்டு எண்களையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தோம். பதிவேடு அவற்றை மாற்றி மாற்றி முதலில் சொல்லும். சில மாதங்களுக்கு முன் ஒரு சர்வர் பழுதாயிற்று. அதிலிருந்த அஞ்சல் பெட்டிகளை மற்றதற்கு மாற்றி, பழுதானதை நிறுத்தி, அறையிலிருந்தே அகற்றிவிட்டோம். பெயர்ப் பதிவேட்டில் அதன் எண்ணை அடிக்க மறந்துவிட்டோம். 'மறந்துவிட்டோம்' என்று பன்மையில் சொல்வது சரியன்று. மறந்தவன் நான். அந்த வேலை என் கையால் நடந்தது.

பழைய எண் முதலில் வந்தால், கணினி போய் 21 விநாடி கதவைத் தட்டிவிட்டு, பிறகு இரண்டாவது எண்ணுக்குப் போய்ப் பதில் வாங்கி வரும். நல்ல எண் முதலில் வந்தால் உடனே பதில். ஒரு முறை கதவு திறந்துவிட்டால் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அதனால் உடனே கேட்கிற அடுத்த கேள்விக்குத் தாமதம் இல்லை. உணவு இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் 21. குறிப்பேட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் இப்படிக் காரணம் கிடைத்துவிட்டது.

அஞ்சல் மட்டும் ஏன் தடையில்லாமல் நடந்தது? அவுட்லுக் காலையில் ஒரு முறை அஞ்சலுக்காகக் கதவைத் திறந்தால் மாலை வரை மூடுவதில்லை. காலையில் அந்த 21 விநாடி போனாலும், கணினி எழுந்திருக்க நேரமாகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நாட்காட்டிக் கேள்விதான் இடைவிட்டு இடைவிட்டுப் புதிதாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. ஆகவே என் மறதியின் பாரம் முழுவதும், நாள் முழுதும் கூட்டங்களுக்கு நேரம் தேடுகிற அந்த ஓர் அம்மையாரின் தலையில் விழுந்திருந்தது.

பதிவேட்டில் ஒரே ஒரு வரியை அடித்தேன். உடனே சரியாகிவிடவில்லை. ஒரு முறை கேட்ட எண்ணைக் கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். எங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. அந்த ஒரு மணி கழிந்த பிறகு 21 என்ற எண் குறிப்பேட்டில் வரவே இல்லை. அதற்குள் நான், புதிய சர்வர் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த குறிப்பையும் கிழித்துப் போட்டேன். வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய சர்வரும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும். கணினியும் பழைய வீட்டு வாசலிலேயே நின்றிருக்கும்.

எல்லாத் தாமதங்களுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு சில காரணங்களையும் நான் கண்டிருக்கிறேன். வெளி இணையத்துக்குப் போகும் வேண்டுகோள்களையெல்லாம் பிராக்ஸி என்னும் இடைச் சர்வர் வழியாக அனுப்புவது பல அலுவலகங்களின் வழக்கம். உள்ளே இருக்கும் சர்வர்களுக்கு அந்தச் சுற்று வேண்டாம் என்று விலக்கு எழுத மறந்தால், அடுத்த அறைக்குப் போகிற கேள்வி ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். வெளி இணையமே இல்லாத கணினியில், சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று வெளியே கேட்க முயன்று, பதில் வராமல் காத்திருப்பதும் உண்டு. ஒருவர் பெயருக்கு மட்டும் தாமதம் என்றால் அவருடைய நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். வேறு நிறுவனத்தாரின் பெயர்களுக்கு மட்டும் தாமதம் என்றால், நம் சர்வர் அவர்களுடைய சர்வரைக் கேட்டுக் காத்திருக்கிறது. இவற்றிலும் பெரும்பாலும் நேரம் போவது காத்திருப்பதிலேதான்.

இன்று பல அலுவலகங்கள் சொந்த சர்வரை விட்டுவிட்டு, நிறுவனமே நடத்தித் தருகிற இணையச் சேவைக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கு நிறுவனம் அளித்துவந்த ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பாதிப் பேர் பழைய வீட்டிலும் பாதிப் பேர் புதிய வீட்டிலுமாக இருக்கிற காலத்தில்தான், பழைய முகவரிகள் ஏடுகளில் தங்கிவிடுகின்றன. வீடு மாறுகிறவர் சாமான்களை எண்ணி ஏற்றுவார்; அஞ்சல் நிலையத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுக்க மறந்துவிடுவார். சர்வரை நிறுத்துகிறவர்களும் அதன் பெயர் எந்தெந்த ஏட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்த பிறகே விளக்கை அணைக்க வேண்டும். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்து வந்தேன்.

இதில் நான் கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு. எங்கள் அறையில் அளவு கருவிகள் பல இருந்தன, வரைபடங்கள் இருந்தன. அவற்றில் எல்லாம் 'நலம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னது, மேசைக் கடிகாரத்தைப் பார்த்து ஓர் அம்மையார் எழுதிய குறிப்பேடு. கணினி படிக்காதவர் அவர். படித்தவன் முதல் நாள் அவரைத் திருப்பி அனுப்பினேன். 'எத்தனை விநாடி, எப்போது, யாரைக் கேட்டபோது?' என்ற மூன்று கேள்விகளை அன்று நானே கேட்டிருந்தால், அந்த அதிகாரி தம் தாயாரின் பக்கத்தில் இருந்திருப்பார்.

குறை தீர்ந்த மறுநாள் நான் அந்த அம்மையாரின் மேசைக்குப் போய், "தவறு என்னுடையது, அம்மா. நீங்கள் காத்திருக்காதது தவறில்லை, உங்களை நான் காக்க வைத்ததுதான் தவறு" என்று சொன்னேன். பிறகு அந்த அதிகாரியிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். தாயார் நலமாக இருப்பதாகச் சொன்னார். கூட்டத்துக்கு வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மையார் குறிப்பேட்டை மூடி வைத்துவிடவில்லை. இன்னும் ஒரு வாரம் எழுதினார். 1, 1, 2, 1 என்று அந்தப் பத்தி இறங்கிக்கொண்டே போயிற்று. வார முடிவில் கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டு, குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். இன்றும் அது என்னிடம் இருக்கிறது.